சம்பத் நியூசிலாந்தில் இருந்த ஐந்து மாதங்கள்

1

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சிறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் ஒரு படிவம் வரும். வார்டர், சமையல்காரர், என்னைப் போன்ற நர்ஸ், யாருக்கும் விலக்கு கிடையாது. முகவரி மாறியதா, வேறு எங்காவது வேலை பார்க்கிறீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு ஒன்பதாவதாக ஒரு கேள்வி: உங்கள் நெருங்கிய உறவினர் யாராவது, எந்த நாட்டிலாவது, சிறையில் இருக்கிறார்களா?

பதினெட்டு வருடமாக அந்தக் கேள்வியை நான் ஒழுங்காகப் படித்ததுகூட இல்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போய்விடுவேன். எங்கள் குடும்பத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்த ஒரே ஆள் நான்தான், அதுவும் பாஸ்போர்ட் விசாரணைக்கு.

இந்த வருடம் பேனா நின்றுவிட்டது. என் தம்பி சம்பத் அப்போது நான்கு மாதமாக வேலூர் ஜெயிலில் இருந்தான். தண்டனைக் கைதியாக அல்ல, விசாரணைக் கைதியாக. அவன் உள்ளே இருப்பது என் வீட்டில் இருப்பவர்களுக்கும், அவன் மனைவி தேவிக்கும், வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும். திருவண்ணாமலையில் எங்கள் திருவூடல் தெருவைப் பொறுத்தவரை சம்பத் இங்கே நியூசிலாந்தில், என் வீட்டில் இருக்கிறான்.

படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில், சென்னைக்காரர் ஒருவருக்குச் சொந்தமான மாடி வீடு இருக்கிறது. மாடியில் நான்கு அறைகள். தியானத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். சம்பத்துக்கு அந்த அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தண்ணீர் கேன் ஏற்றுவது, குரங்கு வந்தால் விரட்டுவது, எந்த ஆட்டோக்காரர் நியாயமாகக் கேட்பார் என்று சொல்வது எல்லாம் அவன்தான். நான்கு அறைகளுக்கும் மாற்றுச் சாவி அவனிடம் இருக்கும்.

ஓர் அறையில் லேப்டாப்பும் கேமராவும் காணாமல் போயின. பூட்டு உடைபடவில்லை. சாவி யாரிடம் இருந்ததோ அவனைப் பிடித்தார்கள். அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நான் சொல்வேன், அக்கா வேறு எப்படிச் சொல்வாள்? அது கோர்ட் முடிவு செய்ய வேண்டிய விஷயம். என் ஆத்திரம் எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

மூன்றாவது வாரமே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். உள்ளூரில் சொந்த வீடு உள்ள இரண்டு பேர் வந்து, வீட்டு வரி ரசீதைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. அந்த இரண்டு பேர் இல்லாமல் என் தம்பி மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

திருவண்ணாமலையில் எங்களுக்கு இரண்டு பேர் இல்லையா? இருபது பேர் இருக்கிறார்கள். ஆனால் கேட்க முடியாது. ஏனென்றால் சம்பத்தைப் பிடித்த மறுநாளே வீட்டுக்காரம்மா, "எங்கம்மா, நேத்துலருந்து உன் வீட்டுக்காரரைக் காணோம்?" என்று கேட்டிருக்கிறார். தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று பயந்து, தேவி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அக்கா வரச் சொன்னாங்கன்னு ஃபாரின் போயிருக்காருங்க."

ஒரே ஒரு வாக்கியம். அது காலையில் தெருக்குழாய்க்குப் போய், மத்தியானத்துக்குள் தேரடி வரை போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஜாமீன் கேட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

"ஒரு வாரத்துல வந்துடுவாருன்னு நினைச்சேன் அண்ணி," என்று தேவி போனில் அழுதாள். "வந்ததும், அங்க ஒத்துக்கல, திரும்பிட்டாருன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

3

முதல் போன் பாஷா பாயிடமிருந்து வந்தது. எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாகப் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. அறைகளுக்கான மெத்தைகளை சம்பத் அவரிடம்தான் வாங்குவான். தினமும் சாயங்காலம் அவர் கடைப் படியில் உட்கார்ந்து டீ குடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டான்.

"விஜயா, நல்லா இருக்கியாம்மா? சொல்லாம கொள்ளாம தம்பிய இட்டுனு போயிட்டியே. அங்க குளிரு ஜாஸ்தியாமே, தாங்குறானா?"

எனக்கு இங்கே மாலை, அவருக்கு அங்கே காலை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"தாங்குறான் பாய். ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்திருக்கேன்."

"என்ன வேலை?"

"ஆப்பிள் பேக் பண்ற இடத்துல பாய்."

"போன குடேன், ரெண்டு வார்த்தை பேசுறேன்."

"வேலைக்குப் போயிருக்கான் பாய். வந்ததும் பேசச் சொல்றேன்."

இப்படி ஆரம்பித்தது. அப்புறம் வாரம் ஒருவர் கேட்டார்கள். ஸ்கூல் தோழி, பழைய வாத்தியார், பூக்கடை அம்மா. நானும் சொல்லிக்கொண்டே போனேன். மாடி அறையில் படுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வருகிறான். என் கணவரோடு கிரிக்கெட் பார்க்கிறான். ஒரு கட்டத்தில் எனக்கே பயமாக இருந்தது, ஏனென்றால் சொல்வதற்குக் கஷ்டமாகவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர்கூட வந்து தங்கியதில்லை. விமான டிக்கெட் விலை அப்படி, விசா அப்படி. பொய்யிலாவது தம்பி என் வீட்டு மாடியில் தூங்கினான்.

அந்தப் பக்கம் தேவியின் பொய்யும் வளர்ந்தது. வாரம் ஒருநாள் வேலூர் பஸ் ஏறி மனு போட்டு அவனைப் பார்க்கப் போக வேண்டும். எங்கள் ஊரில் வேலூருக்குப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஆஸ்பத்திரி. அவளும் அதையே சொன்னாள். என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள். வயிற்று வலி என்றாள். தெருவில் ஆளுக்கொரு கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தும் தொலைத்தாளாம்.

4

என் மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும். பேச வேண்டுமென்றால் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பிப்பாள். எங்கள் வீட்டில் 'அம்மா ஜெயிலில் இருக்கிறாள்' என்றால் நான் வேலையில் இருக்கிறேன் என்று அர்த்தம். அதனால் மாமா ஜெயிலில் இருக்கிறார் என்று அவளிடம் நான் மெதுவாகச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது.

"மாமாவுக்கு ஜாப் கிடைச்சதா?"

இல்லையடி என்று விளக்கினேன். அவள் பள்ளியில் அந்தப் பருவம் சிறைகளைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். எந்த நாட்டில் எத்தனை பேர் உள்ளே, அவர்கள் யார் யார் என்று வட்டம் வட்டமாக வரைந்து வண்ணம் தீட்டியிருந்தாள். தண்டனை பெற்றவர்களுக்கு நீலம், விசாரணைக்குக் காத்திருப்பவர்களுக்கு மஞ்சள். எங்கள் நாட்டு வட்டத்தில் மஞ்சள்தான் பெரும்பகுதி. மொத்த ஜனத்தொகையோடு வைத்துப் பார்த்தால் இந்தியாவில் ஜெயிலுக்குள் இருப்பவர்கள் மற்ற பல நாடுகளைவிடக் கம்மி, அதை ஏதோ நம் பெருமை போல அவளிடம் முன்பு சொல்லியிருந்தேன்.

"மாமா மஞ்சளா அம்மா?"

"ஆமா."

"ஜட்ஜ் போகலாம்னு சொல்லிட்டார். அப்புறம் ஏன் போகலை?"

கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றேன். ஏன் ஆள் இல்லை என்றாள். யாரிடமும் கேட்கவில்லை என்றேன். ஏன் கேட்கவில்லை என்றாள். நாம் அவர் இங்கே இருப்பதாகச் சொல்லிவிட்டோம் என்றேன். அவள் ஆங்கிலத்துக்கு மாறி ஏதோ சொன்னாள், வேகமாக. எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

5

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி நடந்தது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது பேரைக் கடைசியில்தான் சொல்வார்கள். முதலில் சொல்வது தங்கள் மலையின் பெயரை, அப்புறம் ஆற்றின் பெயரை. நாங்களும் அப்படிச் சொல்லிப் பழக வேண்டும். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் சமவெளிக்காரர்கள். மலைக்கு எங்கே போவது என்று விழித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. அண்ணாமலை என்றேன். ஆறு கிடையாது என்றேன்.

பயிற்சி கொடுத்த ஹினே என்ற மாவோரிப் பெண்தான் இன்றைக்கு என் மேலதிகாரி. மேலதிகாரியைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாலு வருடம் பிடித்தது. அவர் அன்று கேட்டார், "உன் மலை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அழகு?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ் அருகே பஸ் திரும்பும்போது தெரிவது ஒரு மாதிரி, எங்கள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தெரிவது வேறு மாதிரி. ஆனால் என் நினைவில் தங்கிவிட்டது நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள்தான். அன்று பௌர்ணமி. யார் நாள் பார்த்தார்களோ தெரியவில்லை. கிரிவலக் கூட்டத்துக்காக ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள், ஆட்டோ வராது. சம்பத் என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றி வரும் அத்தனை ஜனத்தையும் எதிர்த்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தோம். எதிரே வந்த பெரியவர் ஒருவர், "அப்படிப் போகக் கூடாதும்மா, தப்பு, திரும்பு திரும்பு" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். "பஸ்ஸுக்குப் போறோம் சாமி!" என்று சம்பத் பெட்டிக்கு அடியிலிருந்து கத்தினான். மலை அப்போது சாயங்கால வெயிலில் செம்மண் நிறமாக இருந்தது. அந்தப் பக்கம்தான் அழகு என்று ஹினேயிடம் சொன்னேன். அந்தப் பக்கத்துக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

6

படிவத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்தது. காலையில் அறை அறையாகப் போய் மருந்து கொடுத்து முடித்திருந்தேன். கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியாக மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டி, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக அந்தத் திறப்பு வழியாக முகங்களைப் பார்க்கிறேன். இந்த ஊர் மார்க்கெட்டில் எண்ணினால் மாவோரி முகங்கள் கம்மி. இந்தக் கதவுகளுக்குப் பின்னால் எண்ணினால் ஜாஸ்தி. அது எனக்கு ஒரு தகவலாகத்தான் இருந்தது, நிலாவின் வண்ண வட்டம் மாதிரி. உள்ளே ஒருவனுக்கு அக்காவாக இருப்பது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஹினேயின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒன்பதாவது கேள்வியில் 'ஆம்' என்று போட்டுவிட்டேன், வேலை போகுமா என்று கேட்டேன்.

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். 'ஆம்' என்றால் கீழே விவரம் எழுத வேண்டும். செய்த குற்றம் என்ன, தண்டனை எத்தனை வருடம், விடுதலைத் தேதி என்ன. மூன்றுக்கும் நான் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தேன்: தெரியாது.

"வேலை ஏன் போகிறது? மறைத்தால்தான் போகும்," என்றார். பிறகு தன் மேஜை டிராயரைத் திறந்து, தன் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்பதாவது கேள்விக்குக் கீழே இரண்டே வரிதான் இடம் விட்டிருப்பார்கள். அவர் அதற்கு ஒரு தாளை ஒட்டியிருந்தார். அண்ணன் மகன், சித்தப்பா பேரன், தங்கையின் கணவர். ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே இருந்தார். அவருக்கு ஐந்து வருடமாக நான்தான் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறேன்.

"எனக்கு அந்த இடம் எப்பவுமே பத்தாது விஜயா," என்றார். "உங்கள் ஊரில் எத்தனை பேரிடம் சொன்னாய்?"

யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அவன் என் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அப்படியென்றால் உள்ளே இருப்பவனை யாருமே தேட மாட்டார்களே," என்றார்.

அந்த வார்த்தை சுரீர் என்று இறங்கியது. அவன் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறான் என்று தெருவே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கொடுத்தது நான்.

7

அன்று மாலை பாஷா பாய்க்கு நானே போன் செய்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பஞ்சு அடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, நாலு மாசமா என் கடைப் படியில உக்கார்றவன் எல்லாத்துக்கும், எங்க சம்பத்து ஆப்பிள் கம்பெனில இருக்கான்னு நான் சொல்லினு இருக்கேன். இங்க இருக்கிற வேலூர்ல வெச்சுக்கினு என்கிட்ட ஸ்வெட்டர் கதை சொல்லியிருக்க."

"தப்புதான் பாய்."

"தப்பா? நல்லா வருது வாயில. அவன் வெறுந்தரையில படுத்திருப்பானே அம்மா. மெத்தைக்கடைக்காரன் நானு."

போனை வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். "நானு ஒருத்தன், என் மச்சான் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் சொந்த வீடு. வக்கீல் நம்பர அனுப்பு."

அது அத்தனை சுலபமாக முடியவில்லை. வீட்டு வரி ரசீது அவர் வாப்பா பேரிலேயே இருந்தது. வாப்பா இறந்து பல வருடம் ஆகிறது. வி.ஏ.ஓ. ஆபீஸ், முனிசிபாலிட்டி, தாலுகா ஆபீஸ், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் என்று மூன்று வாரம் அலைந்தார். "நான் பொறந்த வீடு என் வீடுதான்னு நாலு ஆபீஸ்ல சத்தியம் பண்ணியிருக்கேன்," என்று ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் எதற்குச் சான்றிதழ் என்று கேட்காமல் எந்த ஆபீஸில் கொடுப்பார்கள்? இரண்டே நாளில் திருவூடல் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

தேவி போன் செய்தாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"உங்களுக்கென்ன அண்ணி, நீங்க அங்க இருக்கீங்க. நாளைக்குக் காலையில குடத்தைத் தூக்கினு இந்தக் குழாய்க்குப் போகப் போறது நானு."

"அவன் வெளிய வர வேணாமா தேவி?"

"வரணும்தான். அதுக்காக என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை. இரண்டும் உண்மை. அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

8

சம்பத் வெளியே வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் வந்தான். இளைத்திருந்தான். காது பக்கம் நரைத்திருந்தது. பாஷா பாய் கடைப் படியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் ராஜகோபுரத்துக்குப் போகிற கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் அவனைப் பார்ப்பதா, அவனுக்குப் பின்னால் தெரியும் ஊரைப் பார்ப்பதா என்று தெரியாமல் திண்டாடினேன்.

"உள்ள எப்படிடா இருந்த?"

"இருந்தேன்கா. எங்க பிளாக்ல முக்காவாசி பேரு என்னை மாதிரிதான். கேஸ் முடியல, பெயில் வந்திருக்கும், போட ஆளிருக்காது. ஒரிசாக்காரர் ஒருத்தர், லாரில வந்தவரு. அவர் எங்க இருக்காருன்னு வீட்டுக்கே தெரியாது. என் பக்கத்துலதான் படுப்பாரு. நான் கெளம்புறப்ப அவர் போர்வைய மடிச்சுக் குடுத்தாரு, எதுக்குன்னு தெரியல, வாங்கினு வந்துட்டேன்."

தெருவில் என்ன கேட்டார்கள் என்று கேட்டு நான் பேச்சை மாற்றினேன்.

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலக்கா. வீட்டுக்காரம்மா மட்டும் மாடிப்படியில நிறுத்தி, அங்க குளிரு எப்படிப்பா இருந்துச்சுன்னு கேட்டாங்க. தெரிஞ்சேதான் கேட்டாங்க. ஜாஸ்திதாங்கன்னு சொன்னேன். உடம்ப பாத்துக்கோன்னுட்டுப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது அவன் பழைய சம்பத்தாகத்தான் இருந்தான்.

"சரி, நீ எப்பக்கா வர?"

"லீவு பாக்கணும்டா. நிலாவுக்குப் பரீட்சை இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"ஒவ்வொரு வருஷமும் இதேதான் சொல்ற. கோர்ட்டுல நான் வாங்கின வாய்தாவ விட நீ ஜாஸ்தி வாங்கியிருக்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஷா பாய் ஏதோ சொல்ல, அவன் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தான். "உன்னை யாரும் உள்ள போடலயேக்கா. யாரு வந்து கையெழுத்து போட்டா உன்னை வுடுவாங்க, சொல்லு. இப்பவே பாயை இட்டுனு வரேன்."

கேலியாகத்தான் கேட்டான். நானும் கேலியாகவே ஏதாவது சொல்லியிருக்கலாம். சமையலுக்கு நேரமாச்சுடா, அப்புறம் பேசுறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சமையல் மத்தியானமே முடிந்திருந்தது.